சௌமீன், லோமீன், ஹோ ஃபன், ஹக்கா நூடுல்ஸ்: எல்லாம் ஒன்றுதானா?

கேள்வி: சீன உணவகத்தில் சௌமீன், லோமீன், ஹோ ஃபன், ஹக்கா நூடுல்ஸ் என்று ஏகப்பட்ட பெயர்கள். எல்லாம் நூடுல்ஸ்தானே, என்ன வித்தியாசம்?

துணிக் கொள்முதல் வேலையாக நான்கு வருடம் தென் சீன நகரமான குவாங்சோவில் இருந்தேன். போன புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். ஒரு கடையில் "மியன்" என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா, "இங்கே மியன் இல்லை, ஃபென்தான்" என்றார். எதிரே பாத்திரம் நிறைய நூடுல்ஸ்!

அன்றுதான் விஷயம் புரிந்தது. கோதுமை மாவில் செய்தால் மியன். அரிசியிலோ பயறு, கிழங்கு மாவிலோ செய்தால் ஃபென். இடியாப்பத்தை நாம் பரோட்டா என்று சொல்வோமா? அதே கணக்குதான். வடக்கே கோதுமை விளைகிறது, தெற்கே நெல். அதனால் வடக்கே போகப் போக மியன், தெற்கே ஃபென் அதிகம்.

சௌமீனில் வரும் "மீன்" இந்த மியன்தான், குவாங்சோ பக்கத்து மொழியான கான்டனீஸின் உச்சரிப்பு. "சௌ" என்றால் எண்ணெயில் வதக்குவது. "லோ" என்றால் கலந்து பிரட்டுவது. ஆக, இவை இரண்டும் சமைக்கும் விதத்தைச் சொல்லும் பெயர்கள். அமெரிக்க உணவகங்களில் லோமீனையும் வாணலியில் சாஸோடு பிரட்டித் தருகிறார்கள். குவாங்சோ, ஹாங்காங்கில் அப்படியில்லை. வேகவைத்து நீர் வடித்த நூடுல்ஸின் மேல் சாஸும் கறியும் வைத்து, சூப்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுப்பார்கள்.

ஹக்கா நூடுல்ஸ் கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் வழியாக நமக்கு வந்தது. நம் ஊர் ஹக்கா நூடுல்ஸைச் சீனாவில் தேடினால் கிடைக்காது. ஹக்கா மக்களின் ஊரான மெய்சோவில் காலையில் சாப்பிடுவது, பன்றிக் கொழுப்பும் பொரித்த பூண்டும் போட்டுப் பிசறிய மியன். கோஸ், கேரட் எதுவும் அதில் கிடையாது.

எனக்கு உயிர், வடமேற்குச் சீன நகரமான லான்சோவின் மாட்டிறைச்சி மியன். என் அறைக்குக் கீழேயே ஒரு கடை. குவாங்சோவில் "லான்சோ லாமியன்" (கையால் இழுத்த மியன்) என்று பலகை இருந்தாலும், நடத்துபவர்கள் பெரும்பாலும் சிங்ஹாய் மாகாணத்து ஹுவாலோங் பகுதி முஸ்லிம்கள். ஹலால் கடைகள். மாஸ்டர் மாவை முழங்கை நீளத்துக்கு உருட்டி, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து மடிப்பார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழாவது மடிப்பில் 128 இழை. பலகையில் பட்டென்று ஓர் அடி, அப்படியே கொதிக்கும் அண்டாவுக்குள். இழை அறாமல் நீள்வதற்குக் காரணம், மாவில் சேர்க்கும் காரப்பொருள் (மிளகாய்க் காரமல்ல, சோடா உப்பு மாதிரியான அல்கலி). அந்தக் காலத்தில் பாலைநிலச் செடி ஒன்றை எரித்த சாம்பலிலிருந்து எடுத்தார்கள். நூடுல்ஸின் மஞ்சள் நிறமும் அதனால்தான். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவப்பு மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் மியன்: இந்த ஐந்து நிறமும் கிண்ணத்தில் இருக்க வேண்டும். எந்தத் தடிமன் என்றும் கேட்பார்கள். மயிரிழை மெல்லிசு முதல் பெல்ட் அகலம் வரை உண்டு. நான் எப்போதும் சொல்வது "ஜியூயே". பூண்டுத்தாள் மாதிரி தட்டையாக இருக்கும், சூப் நன்றாக ஒட்டும்.

சிச்சுவானின் தான் தான் மியன் வேறு ரகம். "தான்" என்பது தோளில் சுமக்கும் காவடித்தடி. அடுப்பையும் பாத்திரத்தையும் அதில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால் வந்த பெயர். சூப் பெயருக்குத்தான் இருக்கும். கொத்துக்கறி, மிளகாய் எண்ணெய், நாக்கை மரத்துப் போகச் செய்யும் சிச்சுவான் மிளகு.

குவாங்சோவின் வான்டன் மியனில் ஒரு நுணுக்கம் பார்த்தேன். வாத்து முட்டை சேர்த்த மெல்லிய நூடுல்ஸ் அது. கிண்ணத்தில் முதலில் கரண்டி, அதன் மேல் வான்டன் (மெல்லிய மாவுக்குள் இறால் வைத்த குட்டிக் கொழுக்கட்டை), எல்லாவற்றுக்கும் மேலேதான் மியன். சூப்பில் ஊறிக் குழைந்துவிடக் கூடாதாம்.

அப்புறம் ஹோ ஃபன். குவாங்சோவின் ஷாஹே பகுதியின் பெயரைத் தாங்கிய அகலமான அரிசி நூடுல்ஸ். அதையே மாட்டிறைச்சி, முளைப்பயறு, சோயா சாஸோடு பெரிய தீயில் சூப் இல்லாமல் புரட்டினால் பீஃப் ஹோ ஃபன். அரிசி நூடுல்ஸ் சட்டென்று உடையும், வாணலியிலும் ஒட்டிக்கொள்ளும். அது உடையாமல், தட்டில் எண்ணெய் தேங்காமல், புகை மணத்தோடு வந்தால் நல்ல சமையல்காரர் என்று அர்த்தம். எனவே அந்தப் பக்கம் போனால் கூட்டம் உள்ள கடையாகப் பார்த்து இதைச் சொல்லுங்கள். வந்த சூட்டிலேயே சாப்பிட்டுவிடுங்கள். பார்சல் வாங்கினால் அறைக்குப் போவதற்குள் எல்லாம் ஒரே கட்டியாகிவிடும்.