சாம்பியன் பெல்ட் தருவதாகச் சொல்லிவிட்டுக் கைவிரித்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். பகலில் அடிபட்ட கார்களின் தகடு நிமிர்த்தும் பேனல் பீட்டர் கடையில் வேலை. ஆறு வருடமாக டர்பனில் ஒரு ரெஸ்லிங் கம்பெனிக்கு ஆடுகிறேன். செவ்வாய், வியாழன் மூன்று மூன்று மணி நேரம் பயிற்சி, சனிக்கிழமை ஷோ. யார் ஜெயிப்பது என்று எழுதும் புக்கர், நவம்பரில் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில், "தைப்பூசம் முடியட்டும், பெல்ட் உனக்குத்தான்" என்றார். காவடி விரதத்துக்காக இரண்டு ஷோவுக்கு லீவு கேட்டேன். "விரதம் கட்டாயமா என்ன? நீயாக இருப்பதுதானே" என்றார். ஆனாலும் லீவு எடுத்தேன். பிப்ரவரி நடுவில் திரும்பிப் போனால், போன வருடம் சேர்ந்த அவருடைய அக்கா மகன் இடுப்பில் பெல்ட். எனக்கு முதல் மேட்ச், வாராவாரம் தோற்க வேண்டும். ஷோவுக்கு 1,200 ரேண்ட் வாங்கியவனுக்கு இப்போது 500. போதாக்குறைக்கு மயிலிறகு செருகிய பிளாஸ்டிக் காவடியைத் தூக்கிக்கொண்டு கோமாளி மாதிரி ரிங்குக்கு வரச் சொல்கிறார்கள். ஒருமுறை செய்தேன். அந்த வீடியோவைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். மார்ச்சில் தோள்பட்டை விலகியது. "நீ கான்ட்ராக்டர், உன் செலவு" என்கிறார்கள். பெல்ட்டுக்காக வழக்குப் போடலாமா? என் ரிங் பெயரோடு ஜொகன்னஸ்பர்க் கம்பெனி ஒன்றுக்குப் போகலாமா?

பதில்: தம்பி, முதலில் பெல்ட்டை விடுங்கள். கதையில் யார் ஜெயிக்க வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. பதவி உயர்வு வழக்குகளிலேயே அது முதலாளியின் முடிவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த முடிவில் தீய எண்ணமோ தான்தோன்றித்தனமோ தெரிந்தால்தான் தலையிடுவார்கள். அக்கா மகனை மேலே தூக்கிவிடுவது கேவலம்தான், ஆனால் அதுமட்டும் வைத்து ஜெயிப்பது கஷ்டம். நீங்கள் பெல்ட்டைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் உங்களுக்குப் பலமான இடங்கள் சம்பளம், காவடி, தோள்பட்டை மூன்றும்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: நீங்கள் ஊழியரா, கான்ட்ராக்டரா? காகிதத்தில் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்' என்று கையெழுத்துப் போட்டதோடு கதை முடியவில்லை. 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு, ஒப்பந்தத்தின் வடிவம் எப்படி இருந்தாலும், ஏழு அடையாளங்களில் ஒன்று இருந்தாலே உங்களை ஊழியராக அனுமானிக்கும். அப்புறம் இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. ஆண்டுதோறும் அமைச்சர் அறிவிக்கும் வருமான வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கு இது பொருந்தும். ரெஸ்லிங்கில் நீங்கள் வாங்குவது அதற்கு எங்கோ கீழே. உங்களுக்கு வேறு வேலை இருப்பதால், அவர்களையே நம்பிப் பிழைக்கிறீர்கள் என்ற அடையாளம் எடுபடாது. பரவாயில்லை. எத்தனை மணிக்கு ஹாலுக்கு வர வேண்டும், என்ன உடை, எப்படி ஆட வேண்டும் என்று அவர்கள்தானே சொல்கிறார்கள்? வேலையின் முறையைக் கட்டுப்படுத்துவது ஓர் அடையாளம். கடைசி மூன்று மாதத்தில் மாதத்துக்குச் சராசரியாக 40 மணி நேரம் வேலை செய்திருப்பது இன்னொன்று. வாரம் ஆறு மணி பயிற்சி, சனிக்கிழமை ரிங் கட்டுவதிலிருந்து பிரிப்பதுவரை எட்டு மணி என்று வைத்தால், மாதம் 56 வருகிறது. பயிற்சிக்கு வரச்சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் உங்கள் வருகைப் பதிவேடு.

ஊழியர் என்று நிலைத்துவிட்டால், 1,200இலிருந்து 500க்கு இறக்கியது பதவி இறக்கம். பதவி உயர்வு கொடுக்கவில்லை என்று வாதாடுவதைவிட இது பல மடங்கு சுலபம், ஏனென்றால் கையில் எண் இருக்கிறது. இதை 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்று சிசிஎம்ஏவிடம் (வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் ஆணையம்) 7.11 படிவத்தில் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. சமரசக் கட்டத்தில் வக்கீல்களை உள்ளே விடமாட்டார்கள், எனக்கும் வேலையில்லை. ஆனால் கெடு 90 நாள். குறைப்பு தொடங்கியது பிப்ரவரி நடு என்றால் மே நடுவுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், அதை நம்பி இருக்காதீர்கள். 2008இல் ரேவன், கேன்யன், மைக் சாண்டர்ஸ் என்ற மூன்று மல்யுத்த வீரர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இதே 'நாங்கள் கான்ட்ராக்டர் அல்ல' வழக்கை உலகின் மிகப்பெரிய ரெஸ்லிங் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇமீது போட்டார்கள். 2009இல் தள்ளுபடி ஆனது. காலம் கடந்துவிட்டது என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

வாய்ஸ் நோட்டை வெளியே எடுத்தால் முடிவு முன்பே எழுதப்படுகிறது என்ற ரெஸ்லிங்கின் ரகசியம் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். 1989இலேயே அதே அமெரிக்கக் கம்பெனி, விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க, இது பொழுதுபோக்குதான் என்று நியூ ஜெர்சி செனட்டிடம் தானே ஒப்புக்கொண்டது. மின்னணுப் பதிவு இங்கே சாட்சியமாக ஏற்கப்படும். போன் மாற்றினால் போய்விடும், இன்றே வேறு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். அந்த வாக்கு பெல்ட்டைக் கொண்டுவராது. ஆனால் நவம்பரில் நீங்கள் சாம்பியன் தரம், விரதம் இருந்துவிட்டு வந்ததும் முதல் மேட்ச் கோமாளி என்பதைக் காட்டும். காவடி வழக்குக்கு அதுதான் உயிர்.

அந்தக் காவடி விஷயத்தில்தான் எனக்கும் கோபம் வந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலில் வெறுங்காலோடு காவடி எடுத்தவர்கள் நம் வீட்டில் எத்தனை பேர்! அதைச் சிரிப்புக்கு வைப்பது போகட்டும், விரதத்துக்குப் போனவனையே அதைச் சுமக்க வைப்பது தண்டனை. "கட்டாயமில்லை, நீயாக இருப்பதுதானே" என்ற புக்கரின் வாதத்துக்கு 2007இலேயே பதில் வந்துவிட்டது. டர்பனில் பள்ளி மாணவி ஒருத்தி மூக்குத்தி போட்டதற்கு எழுந்த வழக்கில் (குடும்பப் பெயரால் 'பிள்ளை வழக்கு' என்பார்கள்), அரசியலமைப்பு நீதிமன்றம் மதமும் பண்பாடும் கட்டாயமான சடங்குகளுக்கு மட்டுமல்ல, தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கங்களுக்கும் பாதுகாப்புத் தரும் என்றது. தென்னிந்தியத் தமிழ்க் குடும்பத்து மூக்குத்தி அது. ஊழியர் என்றால், 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்கீழ் ஆறு மாதத்துக்குள் சிசிஎம்ஏவுக்குப் போங்கள். ஒருவேளை நீங்கள் கான்ட்ராக்டர்தான் என்று முடிவானாலும் கதவு மூடவில்லை: 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்கீழ் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது, மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். 'நீ ஊழியன் இல்லை' என்று கம்பெனி எவ்வளவு சத்தமாகக் கத்துகிறதோ, அவ்வளவு வேகமாக இந்தக் கதவுக்குத் தள்ளுகிறது.

ஆனால் ஒன்று. நீங்கள் ஒருமுறை அந்தப் பிளாஸ்டிக் காவடியைத் தூக்கியிருக்கிறீர்கள். 'சிரித்துக்கொண்டே செய்தானே' என்பார்கள். அதனால் இந்த வாரமே மரியாதையாக, எழுத்தில், இரண்டே வரி: "இது என் மத நம்பிக்கையைப் புண்படுத்துகிறது, இனி செய்ய மாட்டேன். வேறு எந்தப் பாத்திரமும் ஆடத் தயார்." கடைசி வாக்கியம் முக்கியம். வேலை செய்ய மறுத்தான் என்று அவர்கள் சொல்ல முடியாது.

தோள்பட்டை. வேலையில் அடிபட்ட ஊழியருக்கு 1993ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டு நிதியிலிருந்து பணம் வரும். கம்பெனி அந்த நிதியில் பதிவு செய்யாமல் இருந்தால் அது அவர்கள் குற்றம், உங்கள் உரிமை போகாது. விபத்து பற்றி நீங்கள் எழுதிக் கொடுத்ததும் ஏழு நாளில் அவர்கள் அறிக்கை அனுப்ப வேண்டும். கோரிக்கைக்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டில் 'ரெஸ்லிங் ஷோவில்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் இருந்தால் டாக்டரிடம் போய்த் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

ரிங் பெயர்: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முதல் பதில். கேப் டவுன்காரர் ஜஸ்டின் கேப்ரியல் 2015இல் டபிள்யூடபிள்யூஇயை விட்டு வந்த பிறகு பிஜே பிளாக் என்ற பெயரில்தான் ஆடினார். உங்கள் ஒப்பந்தம் பெயரைப் பற்றிப் பேசவில்லை, வர்த்தக முத்திரையாகவும் யாரும் பதியவில்லை, பெயரை உருவாக்கியதும் நீங்கள் என்றால் எடுத்துப் போக வாதம் உண்டு. இல்லையென்றால் புதுப்பெயர் யோசியுங்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

வேறு கம்பெனிக்கு இரண்டு வருடம் ஆடக் கூடாது என்ற மாதிரி ஷரத்து இருந்தால் அதை லேசாக எடுக்காதீர்கள். 1984இன் மேக்னா அலாய்ஸ் தீர்ப்புக்குப் பிறகு இங்கே அப்படிப்பட்ட தடைகள் செல்லும். நியாயமற்றது என்று காட்ட வேண்டியது நீங்கள். காட்டவும் முடியும் என்றே நினைக்கிறேன். மேல்கயிற்றிலிருந்து குதிக்கத் தெரிவது உங்கள் திறமை, கம்பெனியின் வியாபார ரகசியம் அல்ல.

கோபத்தில் ராஜினாமா மட்டும் செய்துவிடாதீர்கள். இருக்கவே முடியாத நிலையை முதலாளி உண்டாக்கினார் என்று பிறகு நிரூபிப்பது மிகக் கடினம், அதற்குக் கெடுவும் 30 நாள்தான். ஜொகன்னஸ்பர்க்காரர்களிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பழைய ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பணம் இல்லையென்றால் டர்பனில் லீகல் எய்ட் அலுவலகம் இருக்கிறது, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது.