தோட்டப்புறப் பையன் டிராம்போன் வாசித்து இசையமைப்பாளர் ஆக முடியுமா?

படிவம் மூன்று படிக்கும் மகன் பள்ளி பேண்டில் டிராம்போன் (ஸ்லைடு குழாயை இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம்) வாசிக்கிறான், மேற்கத்தியச் செவ்வியல் இசையை வாசிக்கவும் எழுதவும் ஆசைப்படுகிறான், சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும் அக்கா. நானும் இதே ஊர் பள்ளி பேண்டில் டிராம்போன் வாசித்தவன்தான், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவனுக்கு இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள். 1874-இல் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹம் ஊரில் பிறந்தவர். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று சிறுவயதில் அப்பா டிராம்போன் பழக்கினார். வலது கையில் நரம்பு வலி வந்து பியானோக் கனவு கலைந்தபோது அதுதான் கைகொடுத்தது. 1893-இல் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்து இசையமைப்பாளர் ஸ்டான்ஃபர்டிடம் இசையமைப்பு படித்தார். கைச்செலவுக்கு, கடற்கரை ஊர்களில் பேண்டு வாசிப்பு. படித்து முடித்த பிறகும் கார்ல் ரோசா ஓபரா குழு, ஸ்காட்டிஷ் ஆர்கெஸ்ட்ரா என்று டிராம்போன்தான் சோறு போட்டது.

அந்த வருடங்கள் வீண் என்று நான் நினைக்கவே மாட்டேன். டிராம்போன்காரருக்குப் பின்வரிசை. பல இடங்களில் நீண்ட நேரம் ஊதாமல் எண்ணிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் வயலின் எங்கே ஏறுகிறது, ஹார்ன் எங்கே தாங்கிப் பிடிக்கிறது என்று காது படித்துக்கொண்டே இருக்கும். இதை எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லித்தராது. வாத்தியமும் அப்படித்தான். ஸ்லைடில் ஏழு நிலைகள், ஒவ்வொன்றும் அரைச்சுரம் இறங்கும், மிச்சம் உதட்டின் வேலை. அழுத்த பொத்தான் இல்லாததால் சுருதியைக் காதே கண்டுபிடித்தாக வேண்டும். கோயிலில் நாதஸ்வரக் கமகம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காது கொஞ்சம் முன்பே தயாராக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

ஹோல்ஸ்ட் 1903 வாக்கில் ஆர்கெஸ்ட்ராவை விட்டுப் பள்ளி ஆசிரியரானார். சமஸ்கிருதம் படித்து, நம் சத்தியவான் சாவித்திரி கதையைப் பன்னிரண்டே வாத்தியக்காரர்களுக்கான ஓபராவாக எழுதினார். அதில் டிராம்போனே கிடையாது! பெரும்புகழ் தந்த, கோள்களைப் பற்றிய ‘தி பிளானட்ஸ்’ என்ற ஆர்கெஸ்ட்ரா படைப்பு 1918-இல் முதன்முறை ஒலித்தபோது அவருக்கு வயது 44. அதனால் அவசரப்படுத்தாதீர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தினமும் நீளச் சுரங்கள், பாஸ் கிளெஃப் (தாழ்ந்த சுரங்களை எழுதும் குறியீடு) வாசிப்பு, அடிப்படைப் பியானோ. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வுகளில் டிராம்போனும் உண்டு. படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு, அதற்கான தகுதி பெற்று, நம் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிம் உப்சியில் (சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) இசைக்கல்வி படிக்கலாம். மலேசிய ஃபில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழுத் தேர்வுக்கும் ஒரு கண் வைத்திருங்கள்.

எழுதுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். பேண்டில் உள்ள நான்கு நண்பர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லட்டும். எது ஒலிக்கிறது, எது மூச்சு முட்டுகிறது என்று அன்றே அவனுக்குத் தெரிந்துவிடும்.