பெரிய லேபா, சின்ன லேபா: மதுரைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மதுரையில் பிஎச்.டி. முடித்துவிட்டீர்கள். டிஎன்ஏ பழுதுபார்ப்பு ஆராய்ச்சியில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை, செய்ய அமெரிக்காவில் இரண்டு இடங்களிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று பேர் பெற்ற பேராசிரியரின் லேப், முப்பது பேர். இன்னொன்று மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கியது, ஐந்தே பேர். எதில் சேர்வது, வாடகை, குளிர், சைவச் சாப்பாடு, மனைவியை அழைத்து வருவது, கடைசியில் பேராசிரியர் ஆக முடியுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் குளிரும் சாப்பாடும் வந்த ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும், விடுங்கள். லேப் விஷயத்தில் தவறினால்தான் வருஷக்கணக்கில் போகும். எனக்கு நான்கு வருஷம் போனது.

1999 ஜனவரியில் வந்தேன். நானும் உங்களைப் போலத்தான், பெரிய பேரைப் பார்த்துச் சேர்ந்தேன். முதல் வருஷத்தில் பாஸிடம் தனியாக உட்கார்ந்து பேசியது நான்கே முறை. எனக்குக் கொடுத்த அதே ஆராய்ச்சிக் கேள்வியை இன்னொரு போஸ்ட்டாக்குக்கும் கொடுத்திருந்தார். யார் முந்துகிறார்களோ அவருக்குப் பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை. இது எனக்குத் தெரியவே பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பேப்பரை எழுதியவர்கள் பட்டியலில் என் பேர் நடுவில் எங்கேயோ வந்தது. அந்த வலி இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அதைவிட முக்கியமானது ஒன்று. ஊரில் நான் செய்தது தாவர என்சைம் வேலை. இங்கே வந்துதான் ஈ.கோலை பாக்டீரியாவைத் தொட்டேன். பிளேட்டில், அதாவது செல் வளர்க்கும் தட்டில், வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்டிவிட்டு எத்தனை செல் பிழைக்கிறது என்று எண்ண வேண்டும். எனக்கு எண்ணிக்கை ஒரு நாள் போல் மறுநாள் வராது. பகலில் செய்தால் நிறைய பிழைக்கும், ராத்திரி செய்தால் செத்துப்போகும். ஆறு வாரம் இப்படி. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களே என்ற பயம். கடைசியில் வயதான போலந்துக்கார டெக்னீஷியன் ஒருவர் என் பெஞ்ச் பக்கம் வந்து, ஜன்னலைக் காட்டி, 'இங்கேயா பிளேட்டை வைக்கிறாய்?' என்றார். கையைப் பிடித்து மஞ்சள் விளக்கு எரியும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

உங்களுக்கு இது தெரிந்திருக்கும். புற ஊதா ஒளி பட்டால் டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் (டிஎன்ஏ எழுத்துகளில் ஒரு வகை) ஒட்டிக்கொள்ளும். ஃபோட்டோலையேஸ் என்ற என்சைம் நீல வெளிச்சத்தை வாங்கி அந்த ஒட்டைப் பிரித்துவிடும். பகலில் என் செல்களைப் பிழைக்க வைத்தது ஜன்னல் வெயில். 1949இலேயே ஆல்பர்ட் கெல்னர் கண்டுபிடித்துச் சொன்ன விஷயம். அவருக்கும் முதலில் எண்ணிக்கை தாறுமாறாகத்தான் வந்தது. புத்தகத்தில் இருந்தது என் கைக்கு வர ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அந்த லேபில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம், அந்த ஒருவர் மட்டும்தான் நின்று பார்த்தார்.

அதனால்தான் சொல்கிறேன், பேரைப் பார்க்காதீர்கள். உங்கள் பிளேட்டை நின்று பார்க்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன லேபில் பாஸே பெஞ்சில் நிற்பார். அவருக்கு டென்யூர், அதாவது வேலை நிரந்தரமாகும் கட்டம், நெருங்குவதால் உங்கள் பேப்பர் வர வேண்டும் என்ற அவசரம் அவருக்கும் இருக்கும். ஆனால் கிராண்ட், அதாவது லேபை நடத்தும் ஆராய்ச்சி நிதி, எத்தனை வருஷத்துக்கு மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் வந்து, பதினெட்டு மாதத்தில் பணம் தீர்ந்து, விசாவுடன் நடுத்தெருவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியர் ஆக முடியுமா என்றீர்கள். அசீஸ் சஞ்சாரின் கதையை நான் என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். துருக்கியில் சவூர் என்ற சின்ன ஊர், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. மருத்துவம் படித்து, ஊரில் டாக்டராக வேலை பார்த்து, பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார். ஆங்கிலமும் வரவில்லை, மனுஷரும் ஒட்டவில்லை. இரண்டு வருஷம்கூட நிற்காமல் திரும்பிப் போய்விட்டார். மறுபடி டல்லாஸுக்கு வந்து, ரூபர்ட் என்பவரிடம் ஃபோட்டோலையேஸ் ஜீனைப் பிரித்தெடுத்து 1977இல் பிஎச்.டி. வாங்கினார். அப்புறம் போஸ்ட்டாக்குக்கு மூன்று இடத்தில் கேட்டார், மூன்றிலும் இல்லை என்றார்கள். அந்த மனிதர் யேல் பல்கலைக்கழகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தார். டாக்டர், பிஎச்.டி., டெக்னீஷியன் வேலை! அங்கே டீன் ரப் லேபில் ஆரம்பித்த வேலைதான், வட கரோலினாவுக்குப் போன பிறகு 1983இல் பேப்பராக வந்தது. மூன்று புரதங்கள் சேர்ந்து, பழுதுக்கு இரண்டு பக்கமும் வெட்டி, 12 அல்லது 13 எழுத்துத் துண்டை எடுத்துவிடுகின்றன என்று காட்டினார். 2015இல் லின்டால், மோட்ரிச் இருவருடன் நோபல் கிடைத்தது.

இதைச் சொன்னால் நம்மவர்கள் நோபலை மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது டெக்னீஷியன் வேலைதான். நம் ஆட்களில் பாதிப் பேர் அந்த வேலையை எடுத்திருக்க மாட்டார்கள், ஊரில் என்ன சொல்வார்கள் என்று பார்ப்பார்கள். வார இறுதி விருந்துகளில் உங்களிடம், 'இன்னும் போஸ்ட்டாக்கா? பேசாமல் டேட்டா சயின்ஸுக்கு மாறு' என்று சொல்லும் அண்ணன்கள் நிச்சயம் இருப்பார்கள். சாப்பாடு நன்றாக இருக்கும், போய்ச் சாப்பிடுங்கள். அந்தப் பேச்சைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதித் தரவில்லை. எழுதியவர் பக்கத்து லேபின் சின்ன பேராசிரியர். நான்கு வருஷம் கழித்து அவரிடம் மாறினேன், என் வேலை அங்கேதான் தொடங்கியது.

விசாவைப் பற்றி இரண்டு விஷயம். ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ஆய்வாளராக அதிகபட்சம் ஐந்து வருஷம். முடித்துப் போனால் அதே வகையில் திரும்பி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆனால் ஜே-2இல் வரும் மனைவி விண்ணப்பித்து வேலை அனுமதி வாங்கலாம். நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்து, அவர் எச்-4இல் வந்தால் பெரும்பாலும் உங்கள் கிரீன் கார்டு மனு ஓரளவு நகரும்வரை முடியாது. என் மனைவி எம்.எஸ்ஸி. கணிதம், ஆறு வருஷம் வீட்டில் இருந்தார். யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் அவருடைய வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். பேராசிரியர் ஆசை இருந்தால், போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் வேலைக்குப் போக உதவும் கே99 என்ற கிராண்ட் இருக்கிறது, அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டாம். ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருஷத்தைத் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு நான்கு வருஷம் எங்கே போனது என்று மேலே சொன்னேன் அல்லவா.

இன்னொன்று, வந்ததும் 'சார்' போடுவதை விடுங்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது. முதல் முறை பேர் சொல்லிக் கூப்பிட்டபோது தொண்டை அடைத்தது. இன்று என் மாணவி, 'உங்கள் ஜெல் படத்தில் மூன்றாவது கோடு தப்பு' என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டு லேபிலிருந்தும் போன இரண்டு வருஷத்தில் வெளியே போனவர்களின் பேரைக் கேட்டு வாங்கி, அவர்களிடம் ஃபோனில் பேசுங்கள். ஒரே கேள்வியை இரண்டு பேருக்குக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். மெயிலில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள், குரலில் தெரிந்துவிடும். பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.