பேச்சையும் குணத்தையும் வைத்தே எந்தத் தலைவர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எதற்குக் கலங்குகிறார், எதில் பிடிவாதம் என்று பாருங்கள். 1965 ஆகஸ்ட் 9, சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த அன்று கேமரா முன்னாலேயே கண்கலங்கிய அதன் முதல் பிரதமர் லீ குவான் யூ, 1988 தேசிய தினப் பேரணி உரையில், என்னைக் குழிக்குள் இறக்கும்போதும் நாட்டில் ஏதோ தவறு நடக்கிறது என்று தோன்றினால் எழுந்து வருவேன் என்றார். பெயரை மறைத்துப் படித்தாலும் அந்தப் பிடிவாதம் காட்டிக்கொடுத்துவிடும், எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

அப்புறம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த நம்மவர், பத்திரிகைக்காரர், அதனால் சொல்லை அளந்து எழுதுவார். பள்ளியில் நாம் தினமும் சொன்ன தேசிய உறுதிமொழியை 1966இல் வரைந்தவர் அவர்தான். அதில் வரும் இனம், மொழி, மதம் என்ற மூன்றும் அந்த வரிசையில் காதில் விழுந்தாலே எனக்கு அவர் நினைவுதான்.