ஜீவனாம்சம் நின்றுபோனால் சட்டம் என்ன செய்யும்?

கேள்வி: குடும்பநல நீதிமன்றம் என் கணவர் எனக்கு மாதம் 12,000 ரூபாய் ஜீவனாம்சம் தர வேண்டும், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. சில மாதங்கள் ஒழுங்காக வந்த பணம் கடந்த 14 மாதங்களாக வரவில்லை. தனியார் நிறுவனத்தில் நல்ல வேலையில் இருக்கும் அவர், "ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்துவிடும்" என்று உறவினர்களிடம் சொல்லி வருகிறார். அது உண்மையா? நான் என்ன செய்வது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உண்மையில்லை. நிலுவைக்காகச் சிறை சென்று வந்தாலும் நிலுவை அப்படியே நிற்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான வழிதான், கட்ட வேண்டிய பணத்துக்கு அது ஈடாகாது. எனவே உங்கள் கணவர் ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வரும்போது, பழைய நிலுவையோடு அந்த மாதத்துக்கான 12,000 ரூபாயும் சேர்ந்திருக்கும்.

உறவினர்களிடம் அவர் சொல்வதைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது நாட்காட்டியைப் பற்றித்தான். நீதிமன்றம் உத்தரவு போட்டுவிட்டால் மாதம் தவறும்போது அதுவாகவே நடவடிக்கை எடுக்கும் என்று பலரும் நினைத்துக் காத்திருக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை, பணம் வரவில்லை என்று நீங்கள்தான் நிறைவேற்று மனு போட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு) ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்தால்தான் வாரண்ட் பிறப்பிக்க முடியும் என்கிறது. உங்கள் நிலுவை 1,68,000 ரூபாய். இந்த மாதம் 10ஆம் தேதியும் கடந்துவிட்டது என்று கொண்டால், முதல் இரண்டு மாதங்களுக்கான 24,000 ரூபாய் ஏற்கெனவே ஓராண்டைத் தாண்டிவிட்டது. மீதி 1,44,000 ரூபாய் கெடுவுக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை தள்ளிப்போட்டால் இன்னொரு 12,000 ரூபாய் அந்தக் கெடுவைத் தாண்டிப் போகும். தாண்டிய தொகை அடியோடு போய்விடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இந்த ஓராண்டுக் கெடு வாரண்ட், சிறை என்ற விரைவு வழியை மட்டுமே அடைக்கிறது, பணத்தின் மீதான உரிமையைப் பறிப்பதில்லை, அதை உரிமையியல் வழக்கு மூலம் வசூலிக்கலாம் என்று கூறியது. ஆனால் அது நீண்ட பாதை.

மனுவோடு உத்தரவின் சான்றிட்ட நகலையும், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் பக்கங்களையும், மாதம், செலுத்த வேண்டிய நாள், வந்த தொகை, நிலுவை என்று வரிசையாக எழுதிய ஒரு பட்டியலையும் இணையுங்கள். இடையில் எப்போதாவது இரண்டாயிரம், மூவாயிரம் என்று கையில் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்த சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு பல வாய்தாக்களை ஓட்டிவிடும்.

மனு வந்ததும் நீதிமன்றம் அவருக்கு அறிவிப்பு அனுப்பும். தராமல் போனதற்குப் போதிய காரணம் எதையும் அவர் காட்டாவிட்டால், அபராதத்தை வசூலிக்கும் முறையிலேயே நிலுவையை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்கப்படும். அவருடைய அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்கவோ, மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரி நிலுவையைப் போல வசூலிக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம். அதற்குப் பிறகும் செலுத்தப்படாமல் எஞ்சும் தொகைக்காகத்தான் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் பணம் கட்டினால் கட்டும் வரை, சிறைத் தண்டனை விதிக்க முடியும். பல மாத நிலுவைக்குச் சேர்த்து எத்தனை மாதம் விதிக்கலாம் என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தவறுதல் தொடர்ந்தால் மீண்டும் மனு செய்யலாம் என்பதில் ஐயமில்லை.

மாதச் சம்பளக்காரர் விஷயத்தில் சிறையைவிடச் சம்பளப் பிடித்தமே பயன் தரும் என்பது என் கருத்து. சிறையில் இருப்பவரால் சம்பாதிக்க முடியாது; வேலையும் போய்விட்டால் அடுத்த மாதத் தொகைக்கும் வழியில்லாமல் போகும். ஜீவனாம்ச உத்தரவை உரிமையியல் நீதிமன்றத்தின் பணத் தீர்ப்பாணையை (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பின் ஆணையை) போலவே நிறைவேற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் தேதி தீர்ப்பில் வழிகாட்டியுள்ளது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, சாதாரணக் கடனுக்கான தீர்ப்பாணை என்றால் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பாணை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. நிறுவனம் நேரடியாகப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்த பிறகு, அதை மீறி முழுச் சம்பளத்தையும் ஊழியரிடம் கொடுத்தால் அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பாகும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெற்ற பண நிவாரணம் என்றாலும், 20ஆம் பிரிவின்படி குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்), கணவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இப்படி ஆணையிட முடியும்.

வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

கேள்வி: மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்ற உத்தரவு என் மீது இருக்கிறது. அதன் பிறகு என் வேலை போய்விட்டது. வீட்டுக் கடன் தவணையும் கட்ட வேண்டியிருக்கிறது. மனைவி இப்போது வேலைக்குப் போகிறார். உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்டிருப்பதால் பணம் கட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். என்னைக் கைது செய்வார்களா? (வாசகர், கோவை)

பதில்: சீராய்வு மனு நிலுவையில் இருப்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியிருந்தால் ஒழிய, பழைய உத்தரவு முழு வலுவோடு நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 20,000 ரூபாய் ஏறிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் தடை கேட்கும்போதே நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வார்கள் என்பதால், அதற்கும் தயாராக இருங்கள்.

நீங்கள் முதலில் செய்திருக்க வேண்டியது, சூழ்நிலை மாறியதைக் காட்டி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவின் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 127) தொகையைக் குறைக்கக் கேட்பது. இப்போதும் செய்யலாம். வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், நீங்கள் வேறு வேலை தேடியதற்கான ஆதாரம் ஆகியவற்றோடு சொத்து, வருமானம், பொறுப்புகள் பற்றிய பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்யுங்கள். அதில் பொய் சொன்னால் தனி நடவடிக்கை வரும். மனைவி வேலைக்குச் செல்கிறார் என்பதாலேயே அவருடைய உரிமை தானாக முடிந்துவிடாது. அவருடைய சம்பளம் அவர் வாழ்க்கைக்குப் போதுமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். உழைக்கும் உடல்நிலையில் இருக்கும் கணவர், வேலையில்லை என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. கடன் தவணையை முன்னே வைக்கும் வாதமும் இப்போது பலவீனமாகிவிட்டது. ஜீவனாம்ச நிலுவைக்கு, கடன் கொடுத்தவர்களின் உரிமையைவிட முன்னுரிமை உண்டு என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெரிவித்தது.

கைது உடனே வருமா என்றால், முதலில் அறிவிப்பு, பிறகு வசூல் வாரண்ட், அதன் பிறகே சிறை. அந்த இடைவெளியில், முழுத் தொகை முடியாவிட்டாலும் முடிந்ததை மாதம் தவறாமல் வங்கி வழியாகச் செலுத்தி வாருங்கள். உங்கள் இயலாமை உண்மையானது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. உத்தரவு விவாகரத்து வழக்கின் நடுவே வழங்கப்பட்ட இடைக்கால உத்தரவாக இருந்து, வேண்டுமென்றே கட்டவில்லை என்று நீதிமன்றம் கருதினால், கடைசிக் கட்டமாக உங்கள் எதிர்வாதத்தையே நீக்கிவிடும் அதிகாரம் அதற்கு உண்டு.

கேள்வி: ஜீவனாம்ச உத்தரவு திருச்சி நீதிமன்றம் வழங்கியது. கணவர் பெங்களூருக்கு மாறிப் போய்விட்டார். மறுபடியும் அங்கே புதிதாக வழக்குப் போட வேண்டுமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 147ஆம் பிரிவின்படி, அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊரின் நடுவரே உங்கள் உத்தரவை நிறைவேற்ற முடியும். அங்கே ஜீவனாம்சத்துக்கு நீங்கள் தகுதியுடையவரா என்று மீண்டும் விசாரிக்க மாட்டார்கள். உத்தரவில் உள்ளவர்தான் அவர் என்பதும், பணம் வரவில்லை என்பதும் உறுதியானால் போதும். உத்தரவின் நகலைக் கட்டணமின்றிப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவருடைய இப்போதைய முகவரியும் வேலை பார்க்கும் இடமும் தெரிந்திருந்தால் மனுவிலேயே குறிப்பிடுங்கள். முகவரி சரியில்லாமல் அறிவிப்பு திரும்பி வருவதால்தான் இத்தகைய மனுக்கள் பெரும்பாலும் தாமதமாகின்றன.