இங்கிலாந்தில் குலச்சின்னத்துக்கு ஏன் தனி அதிகாரிகள்?

லண்டன் கடைகளில் 'ஸ்மித் குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்து விற்கிறார்களே, ஸ்மித் என்று பெயருள்ள எல்லோருக்கும் அது சொந்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இங்கிலாந்தில் கேடயத்தில் வரையும் இந்தச் சின்னம் குடும்பப் பெயருக்கு உரியதல்ல. ஒருவருக்கு வழங்கப்பட்டால், அது அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். கோப்பையை ஆசைக்கு வாங்கலாம், அவ்வளவுதான்.

எது யாருக்கு உரியது என்று பதிவு வைத்திருப்பதும், புதிதாக வழங்குவதும் 'ஹெரால்டு' எனப்படும் சின்ன அதிகாரிகளின் வேலை. 1484-ல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் இவர்களுக்கென அமைத்த 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' லண்டனில் இன்றும் இயங்குகிறது. மொத்தம் 13 அதிகாரிகள். 'ரூஜ் டிராகன்', 'புளூமேன்டில்' என்றெல்லாம் பதவிப் பெயர்கள். கேட்டால் ராஜா ராணிக் கதை மாதிரிதான் இருக்கும். 1530 முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இவர்கள் ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். உரிமையில்லாதவர் வைத்திருந்த சின்னத்தை அழிக்கவும் அதிகாரம் இருந்தது.

ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596-ல் கிடைத்ததைப் பாருங்கள்: தங்கநிறக் கேடயம், சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளிமுனை கொண்ட தங்க ஈட்டி. தங்கத்தின்மேல் தங்கத்தை வைக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் நடுவே கறுப்பு. தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுக்கிறார்கள் என்று 1602-ல் 'யார்க் ஹெரால்டு' பதவியில் இருந்த ரால்ஃப் புரூக் கிளப்பிய புகாரில் இதுவும் அடிபட்டது.

வழக்குக்குத் தனி நீதிமன்றமும் உண்டு. அது கடைசியாகக் கூடியது 1954-ல். மான்செஸ்டர் மாநகராட்சியின் சின்னத்தை ஒரு நாடக அரங்கம் எடுத்துப் பயன்படுத்தியது, மாநகராட்சிதான் ஜெயித்தது.