பேதுருவும் இராயப்பரும் ஒருவரா? (வாசகர் கேள்விகள்)

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் இராயப்பர், சின்னப்பர் திருநாள் கொண்டாடுகிறார்கள். விவிலியத்தில் தேடினால் இந்த இரண்டு பெயர்களையும் காண முடியவில்லை. இவர்கள் யார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜூன் 29-ஆம் நாள் கொண்டாடப்படும் அந்தத் திருநாளுக்கு உரியவர்கள் பேதுருவும் பவுலும்தாம். முற்காலத் தமிழ்க் கத்தோலிக்கர் பல பெயர்களின் ஒலியை விட்டுப் பொருளைத் தமிழில் சொன்னார்கள். அதனால்தான் கோயிலில் கேட்கும் பெயரும் நூலில் படிக்கும் பெயரும் வெவ்வேறாக உள்ளன.

பேதுருவின் இயற்பெயர் சீமோன். கலிலேயக் கடலில் வலை வீசிப் பிழைத்த அவருக்கு இயேசு 'கேபா' என்று பெயரிட்டார். அவர்கள் பேசிய அரமேய மொழியில் அதற்குப் பாறை என்று பொருள். நற்செய்தி கிரேக்கம் பேசுவோரிடம் சென்றபோது, பாறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டி அப்பெயர் 'பெத்ரோஸ்' ஆயிற்று; அதுவே தமிழில் பேதுரு என வழங்குகிறது. பவுல் தம் கடிதங்களில் பெரும்பாலும் கேபா என்ற பழைய வடிவத்தையே எழுதுகிறார். ஆகவே 'பேதுரு' என்பதே முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் செய்த ஒரு மொழிபெயர்ப்புதான். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். இராயப்பர் என்ற பெயர் அதன் வழியாக வந்தது என்று விளக்குவார்கள். சென்னை இராயபுரமும் அங்குள்ள இராயப்பர் ஆலயத்தால் அப்பெயர் பெற்றது என்பர்.

மற்றப் பெயர்களும் இவ்வாறே அமைந்தன. 'பவுலுஸ்' என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருளாதலால் பவுல் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதன் எபிரேய மூலம் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள்படுவதால் அவர் அருளப்பர் ஆனார். கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் கிரேக்கப் பெயர் வெற்றி வாகையை, முடியைக் குறிப்பதால் அவர் முடியப்பர் ஆனார். பெயரின் உள்ளே இருந்த பொருளைக் கண்டறிந்து, அதைக் கேட்பவர் மனத்தில் படும்படி தமிழாக்கிய அந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. இன்று அப்பெயர்கள் பழைய கோயில்களிலும் பாட்டன்மார் பெயர்களிலும் மட்டுமே எஞ்சி வருவது உண்மையாகவே ஓர் இழப்பு. உங்கள் ஊரில் அவை இன்னும் வழங்குவது மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: தமஸ்கு செல்லும் வழியில் மனம் மாறிய சவுலுக்கு இயேசுவே பவுல் என்று பெயர் மாற்றினார் என மறைக்கல்வி வகுப்பில் படித்தேன். அது எந்த அதிகாரத்தில் உள்ளது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: எந்த அதிகாரத்திலும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள், அதாவது திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்தில் தமஸ்கு நிகழ்ச்சி வருகிறது. "சவுலே, சவுலே" என்றுதான் அந்தக் குரல் அழைக்கிறது. மனம் மாறிய பிறகும் பல ஆண்டுக் காலத்துக்குரிய நிகழ்ச்சிகளில் நூலாசிரியர் அவரைச் சவுல் என்றே குறிக்கிறார். 13-ஆம் அதிகாரத்தில், சைப்பிரசுத் தீவில் செர்கியு பவுல் என்னும் உரோமை ஆளுநர் முன் அவர் நிற்கும்போதுதான், "பவுல் என்னும் சவுல்" என்ற குறிப்பு முதன்முதலாக வருகிறது. அதன்பின் கதை சொல்லும் இடங்களில் பவுல் என்ற பெயரே நிலைத்துவிடுகிறது.

இன்றைய துருக்கியில் உள்ள தர்சு நகரில் பிறந்த அவர் பென்யமின் குலத்து யூதர். பிறப்பால் உரோமைக் குடிமகனும்கூட. அக்குலத்திலிருந்து வந்த இஸ்ரயேலின் முதல் அரசர் பெயர் சவுல். யூதச் சூழலில் அந்த எபிரேயப் பெயரும், உரோமைப் பேரரசின் பிற மக்களிடையே பவுல் என்ற பெயரும் அவருக்கு வழங்கியிருக்க வேண்டும். யோவான் மாற்கு என்பவருக்கும் இப்படி இரு மொழிப் பெயர்கள் இருந்தன. பிற இனத்தாரிடம் அனுப்பப்பட்டவர் அவர்களுக்குப் பழகிய பெயரால் அறியப்பட்டார் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

கேள்வி: கிறிஸ்து என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை, அது ஒரு பட்டம். இஸ்ரயேலில் அரசரையும் குருவையும் பணியில் அமர்த்தும்போது தலையில் எண்ணெய் ஊற்றித் திருநிலைப்படுத்துவார்கள். இளைஞரான தாவீதைச் சாமுவேல் அவ்வாறு திருப்பொழிவு செய்ததை 1 சாமுவேல் 16-இல் படிக்கலாம். அப்படி எண்ணெய் பூசப்பட்டவரை எபிரேயத்தில் 'மாஷியா' என்பார்கள். தமிழில் மெசியா, மேசியா என எழுதுகிறோம். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே 'கிறிஸ்தோஸ்'. யூதர்களைப் பாபிலோனிய அடிமைத்தளையிலிருந்து விடுவித்த பாரசீக மன்னர் சைரசையும் எசாயா நூலின் 45-ஆம் அதிகாரம் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறது. தாவீதின் வழியில் வரவிருக்கும் மீட்பரைக் குறிக்கும் பெயராக அது பிற்காலத்தில் ஆழம் பெற்றது.

இயேசு என்பதுதான் இயற்பெயர். 'ஆண்டவர் மீட்கிறார்' என்று பொருள்படும் எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம் அது. மோசேக்குப்பின் மக்களை வழிநடத்திய யோசுவாவின் பெயரும் அதுவே. அக்காலத்தில் அப்பெயர் பலருக்கு இருந்ததால், 'நாசரேத்து இயேசு' என்று ஊரையும் சேர்த்துச் சொன்னார்கள். இயேசுவைப் பின்பற்றியோர் முதன்முதலில் அந்தியோக்கியா நகரில்தான் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்டனர். அது சிரியாவின் தலைநகராக இருந்தது. இப்போது துருக்கியில் உள்ளது.

கேள்வி: மகதலா மரியா, பாவ வாழ்க்கையிலிருந்து மனம் திரும்பியவர்தானே? திரைப்படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நற்செய்தி நூல்கள் அவரைப்பற்றி அப்படிச் சொல்லவே இல்லை. லூக்கா 8-ஆம் அதிகாரம், ஏழு பேய்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அவரை அறிமுகப்படுத்துகிறது. சூசன்னா, யோவன்னா முதலிய பெண்களோடு சேர்ந்து தம் உடைமைகளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவியவர் அவர். இதற்கு முந்தைய அதிகாரத்தில், பாவியான பெண் ஒருவர் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்து நறுமணத் தைலம் பூசுகிறார். அவருக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. யோவான் நற்செய்தியில் தைலம் பூசுபவரோ மார்த்தா, இலாசர் ஆகியோரின் சகோதரியான பெத்தானியா மரியா. பெத்தானியா எருசலேமுக்கு அருகே உள்ள ஊர். மகதலா வடக்கே கலிலேயக் கடலோரத்தில் உள்ளது.

இம்மூவரையும் ஒருவராக்கி, 591-ஆம் ஆண்டு வாக்கில் உரோமையில் மறையுரை ஆற்றியவர் திருத்தந்தை முதலாம் கிரகோரி. மேற்கு ஐரோப்பாவின் ஓவியங்களும் கதைகளும் அந்தப் படிமத்தைப் பல நூற்றாண்டுகள் பரப்பின. கீழைத் திருஅவையோ அவர்களை வேறு வேறு ஆட்களாகவே போற்றி வந்தது. கத்தோலிக்கத் திருஅவையும் 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டியைத் திருத்தியபோது இக்குழப்பத்தைக் களைந்தது; 2016-இல் அவருடைய நாளான ஜூலை 22, திருத்தூதர்களுக்கு உள்ளதுபோல் விழா என்னும் நிலைக்கு உயர்த்தப்பட்டது.

ஆண் சீடர்களில் பெரும்பாலோர் ஓடிவிட்ட வேளையில் சிலுவை அருகே நின்றவர் அவர். யோவான் நற்செய்தியின்படி, உயிர்த்த இயேசுவை முதலில் கண்டதும் அச்செய்தியைச் சீடர்களிடம் கொண்டுசென்றதும் அவரே. அத்தகைய ஒருவரைச் செய்யாத பாவத்தின் பெயரால் இத்தனை காலம் நினைவுகூர்ந்தது பெரும் அநீதி. மறையுரையிலும் மேடையிலும் இன்றும் தொடரும் அந்தப் பழியை, தெரிந்தவர்கள் தயங்காமல் மறுத்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: சீடருக்கும் திருத்தூதருக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், திருச்சி

பதில்: கற்பவர் சீடர், அனுப்பப்படுபவர் தூதர். அப்போஸ்தலர் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'அனுப்பப்பட்டவர்' என்றே பொருள். பல சீடர்களிலிருந்து இயேசு பன்னிருவரைத் தேர்ந்தெடுத்து அப்பெயர் இட்டார் என்கிறது லூக்கா நற்செய்தி. யூதாசு இறந்தபின் சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்தார்கள். பவுல் பன்னிருவருள் ஒருவர் அல்லர். ஆயினும் உயிர்த்த இயேசுவே தம்மை அனுப்பினார் என்று சொல்லி, அந்தப் பெயருக்குத் தமக்குள்ள உரிமையை அவர் கடிதங்களில் வலியுறுத்துகிறார்.

கேள்வி: எங்கள் வீட்டு வேதாகமத்தில் 66 நூல்கள், பக்கத்து வீட்டுத் திருவிவிலியத்தில் 73. எது முழுமையானது? 'ஏற்பாடு' என்றால் என்ன?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் உங்கள் இரு வீட்டாருக்கும் வேறுபாடில்லை. அந்த 27 நூல்களையும் இன்றுள்ளவாறே பட்டியலிட்டு, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367-இல் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. வேறுபாடு பழைய ஏற்பாட்டில்தான் உள்ளது. எபிரேய விவிலியத்தில் உள்ளவற்றை மட்டும் ஏற்ற சீர்திருத்தச் சபையார் 39 நூல்கள் என்று எண்ணினர். கிரேக்க மொழிபெயர்ப்பில் கூடுதலாக இருந்த தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் நூல்கள் இரண்டு ஆகிய ஏழையும் கத்தோலிக்கர் சேர்த்து 46 என்று எண்ணுகின்றனர். ஒவ்வொரு சபைக்கும் அதனதன் நூல் முழுமையானதே.

ஏற்பாடு என்பதை இன்றைய பேச்சுவழக்கில் உள்ளபடி, திருமண ஏற்பாடு போல எண்ணிவிடக் கூடாது. கடவுள் மக்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையை அச்சொல் குறிக்கிறது. "புதிய உடன்படிக்கை" செய்யும் நாள் வருகிறது என்று எரேமியா நூலின் 31-ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டாம் பகுதியின் பெயருக்கு வேர் அதுவே.